எட்டாயிரத்து எழுநூறு மணி நேரம்

டிவியின் இடது பாதி இருண்டது ஒரு திங்கட்கிழமை மாலை. செய்தி வாசித்துக்கொண்டிருந்தவரின் பாதி முகம் காணாமல் போனது. ஒரு காதும் அரை வாயும் மட்டும் வெளிச்சத்தில் நின்று நாட்டு நடப்பைச் சொல்லிக்கொண்டிருந்தன. செக்கர் எழுந்து போய் டிவியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். ஒன்றும் மாறவில்லை.

“வாங்கி எவ்வளவு நாள் ஆச்சு?” என்று கணவனைக் கேட்டாள்.

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“ரெண்டு வருஷம் ரெண்டு மாசம். பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்னு சொல்லித்தானே அந்த ஷோரூம் மேனேஜர் நம்ம தலையில கட்டினான்?”

அவன் பாதிச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செக்கர் என்பது தொழிற்சாலையில் அவளுடைய வேலையின் பெயர். ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் கூடத்தில், தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் விளக்குக்குக் கீழே விரிப்பாள். காலர் முனை இரண்டும் ஒரே அளவா, ஓர் அங்குலத்துக்குத் தையல் எண்ணிக்கை குறைகிறதா, இழுத்தால் பட்டன் நிற்குமா என்று பார்த்து, தேறாததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பதினாறு வருடமாக ஒட்டுகிறாள். உறவுக்காரர்கள் நடுவில் அதுவே பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. அதை வைத்தவள் நாத்தனார், கணவனின் அக்கா.

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில், நாத்தனார் தன் கையால் தைத்த ஜன்னல் திரைகளைக் கொண்டுவந்திருந்தாள். செக்கர் கைப்பழக்கத்தில் துணியைப் புரட்டிப் பார்த்து, “அண்ணி, கீழ் மடிப்புல தையல் விட்டுப்போயிருக்கு” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. அன்று மாலையே பிரித்து, திரும்பத் தைத்து மாட்டினாள்.

“நான் போட்ட தையலையே பிரிக்கறவ, நாளைக்கு எதையெல்லாம் பிரிப்பாளோ!” என்றாள் நாத்தனார். “இனி உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். உன் வீட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது. எல்லாரும் கேட்டுக்குங்க.”

நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. நாத்தனார் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கடைத்தெருவில் எதிரெதிரே வர நேர்ந்தால் இருவருக்கும் திடீரென்று எங்கேயாவது பார்க்க ஏதாவது கிடைத்துவிடும்.

மறுநாள் வேலை முடிந்ததும் செக்கர் ஷோரூமுக்குப் போனாள். மேனேஜர் ரசீதைப் பார்த்ததும் மடித்துவைத்தார்.

“கியாரண்டி ஒரு வருஷம்தாம்மா. அது முடிஞ்சு போச்சு. உள்ள திரைக்கு வெளிச்சம் குடுக்கற பேக்லைட் போயிருக்கும். அதை மாத்தறதுக்குப் புதுசே வாங்கிடலாம். இப்பல்லாம் டிவிங்கறது செல்போன் மாதிரி. யாரு பத்து வருஷம் வெச்சிருக்காங்க?”

“வெச்சிருக்கறதும் தூக்கிப் போடறதும் என் இஷ்டம். ரெண்டு வருஷத்துல அதுவா சாகறது என் இஷ்டமா?”

“உங்க அதிர்ஷ்டம் அப்படி. நான் என்ன பண்ண முடியும்?”

அந்த ‘அதிர்ஷ்டம்’தான் அவளைச் சுட்டது. பட்டன் அறுந்து வந்த சட்டையைப் பற்றி வாங்குபவரிடம் அவள் கம்பெனி அப்படிச் சொல்ல முடியுமா? அந்த வாரமே நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். மனுவில் கேட்டது ஒன்றுதான்: வேறு டிவி.

அலுவலகம் சொன்னபடி ஷோரூமின் டெக்னீஷியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தார். ரிமோட்டில் நான்கைந்து பட்டனை ஏதோ வரிசையில் அழுத்தினார். வெளிச்சமாக இருந்த பாதியில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பட்டியல் வந்தது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் முதல் விசாரணையில் தெரிந்தது. விசாரணை அறை சிறியது. ஒரு நீள மேசை, அதிகாரி, ஓரத்தில் தட்டச்சு செய்யும் பெண், சுவர் ஓரமாக நாற்காலிகள். கணவனும் அன்று லீவு போட்டுக் கூட வந்திருந்தான். மேனேஜர் போட்டோவை அதிகாரியிடம் நீட்டினார்.

“சார், இது டிவிக்குள்ளேயே இருக்கற கணக்கு. எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு அதுவே எழுதி வெச்சுக்கும். எட்டாயிரத்து எழுநூறு மணி நேரம். ரெண்டு வருஷம் ரெண்டு மாசத்துக்கு வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் வருது. எந்த வீட்டுல சார் பதினோரு மணி நேரம் டிவி ஓடும்? இது ஹோட்டல்லயோ கடையிலயோ வெச்சு ஓட்டினது. இப்ப வீட்டுல மாட்டி நம்ம கண்ணுல மண்ணைத் தூவறாங்க.”

செக்கர் எழுந்து நின்றாள். “பொய்! நான் காலையில எட்டரைக்குக் கிளம்பினா ஏழு மணிக்குத்தான் வருவேன். இவர் குளிர்பதனக் கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறார், அவரும் அப்படித்தான். பொண்ணு வெளியூர்ல ஹாஸ்டல்ல படிக்கறா. ராத்திரி மூணு மணி நேரம் பாத்தா அதிகம். மெஷின்ல தப்பா எண்ணைக் காட்ட வெச்சது நீங்கதான்!”

“எங்களை மோசடிக்காரங்கனு சொல்றீங்களா?”

“நீங்க என்னை ஹோட்டல்காரினு சொல்லலையா?”

அதிகாரி கையை உயர்த்தினார். “ரெண்டு பேரும் உக்காருங்க. அம்மா, இந்த எண்ணுக்கு நீங்க ஒரு விளக்கம் தரணும். ரெண்டு வாரம் டைம். விளக்கம் இல்லைன்னா வணிகப் பயன்பாடுன்னுதான் எடுத்துக்க வேண்டி வரும்.”

திரும்பும்போது பஸ்ஸில் கணவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னான். “கேஸை விட்டுடலாமே. போனா போகுது.”

கிடங்கில் ஒரு நாள் சம்பளம் பிடித்ததற்கு மூன்று மாதம் யூனியன் ஆபீசுக்கு நடந்தவன் அவன். ‘போனா போகுது’ என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. அவன் காதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காது சிவந்திருந்தது.

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு எடுத்தாள். பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. டிவி சிரிப்பு. சாவியைச் சத்தமில்லாமல் திருப்பித் திறந்தாள்.

ஹாலில், சோபாவில் அல்ல, தரையில், சொந்தமாகக் கொண்டுவந்த கோரைப்பாயில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சமாக இருந்த பாதிக்கு நேராக, வலது பக்கம் ஒதுங்கி. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி போட்ட ஒரு டிபன் டப்பா. காலணி பின்கதவுக்கு அருகே ஜோடியாக இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிவியில் யாரோ பாதி உடம்போடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களா!” என்றாள் செக்கர். “என் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்களே!”

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. “மிதிக்கலையே. பின்கதவு வழியாத்தான் வரேன். தம்பி சாவி குடுத்தான். உன் வீட்டுத் தண்ணியும் தொடலை. இந்த பாட்டில் என் வீட்டுது.”

“எத்தனை நாளா?”

“டிவி வந்த ரெண்டாவது மாசத்துல இருந்து. ஞாயித்துக்கிழமை கிடையாது.”

செக்கர் ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தாள். இரண்டு வருடமாக, பூட்டிவிட்டுப் போன வீட்டில், தினமும் ஓர் ஆள். கரண்ட் பில் ஏறியபோது பழைய ஃபிரிட்ஜைத் திட்டியிருக்கிறாள். ஒரு நூல் இழை தப்பினாலும் கண்ணில் படும் என்று பெயர் வாங்கியவள், தன் ஹாலில் ஒரு முழு மனுஷி உட்கார்ந்து எழுந்து போனதைக் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

“உங்க வீட்டுல டிவி இல்லையா? ஏன் இப்படித் திருட்டுத்தனமா வரணும்?”

“திருட்டா? எதைத் திருடினேன்? சொல்லு, எதைத் திருடினேன்?” நாத்தனாரின் குரல் ஏறியது. “என் மருமக ஹால்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறா. போன்ல கஸ்டமர்கிட்ட பேசற வேலை. ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும் நான் தும்மக் கூடாது. மிக்ஸி போடக் கூடாது. டிவியைத் தூக்கி அவ பெட்ரூம்ல மாட்டிட்டா. என் வீட்டுல நான் மூச்சை அடக்கிட்டு உக்காந்திருக்கணும். தம்பிகிட்ட சொல்லி அழுதேன். அவனுக்காவது மனசு இருந்துச்சு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“உன்கிட்டதான் நான் பேசறதில்லையே.”

அப்படிச் சொல்லிவிட்டு நாத்தனார் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள். “அதுவும் என்ன டிவி! வாங்கி வருஷம் திரும்பறதுக்குள்ளயே, நாலஞ்சு மணி நேரம் ஓடிச் சூடாச்சுன்னா இடது மூலை கறுக்க ஆரம்பிச்சுடுச்சு. அணைச்சு வெச்சா ஒரு மணி நேரத்துல சரியாயிடும்.”

செக்கர் அப்படியே நின்றாள். “என்ன சொன்னீங்க? எப்ப?”

“பதினோராவது மாசம். கம்பெனிக்கே போன் பண்ணினேன். டிவி முதுகுல ஒட்டியிருந்த நம்பரைப் பாத்துச் சொன்னேன். புகாரைப் பதிஞ்சுகிட்டாங்க. மெசேஜ்கூட வந்துச்சு. அப்புறம் ஆளை அனுப்பறோம்னாங்க. வேணாம்னுட்டேன்.”

“ஏன் வேணாம்னீங்க?”

“ஆள் வந்தா நீ இருக்கும்போதுதானே வருவான்? யார் போன் பண்ணினதுன்னு நீ கேக்க மாட்டியா?”

“கியாரண்டி இருக்கும்போதே தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. அன்னைக்கே சொல்லியிருந்தா கையோட மாத்திக் குடுத்திருப்பான்! நான் ஏன் இப்படி ஆபீஸ் ஆபீஸா அலையணும்?” செக்கர் கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “உங்களுக்கு வீம்பு பெருசு! டிவி சாகட்டும், வீம்பு நல்லாயிருக்கணும்!”

“ஆமா, பெருசுதான். உன்னைவிடக் கொஞ்சம் கம்மி.”

நாத்தனார் காலணியை மாட்டிக்கொண்டு பின்கதவு வழியாகவே போனாள். சாவியைத் தரவில்லை. செக்கர் மறுநாள் காலையில் ஆளை வரவழைத்துப் பின்கதவுப் பூட்டை மாற்றினாள்.

கணவனிடம் அந்த வியாழக்கிழமை மாலையே பேச்சு நீண்டது. அவன் முதலில் மறுத்தான், பிறகு ஒப்புக்கொண்டான், பிறகு கோபப்பட்டான்.

“அவ எனக்கு அக்கா. சின்ன வயசுல என்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவ. ஒரு டிவியைப் பாக்கறதுக்கு உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?”

“டிவிக்கு வேணாம். வீட்டுக்கு வாங்கணும். நான் தினமும் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுப் போவேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? உங்களுக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா இருந்திருக்கும், இல்ல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பாக இருந்ததில்லை, பயமாகத்தான் இருந்தது என்று அவன் சொன்னபோது அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒரே சமையலறையில் இருவரும் மாற்றி மாற்றி நின்று, தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஆனால் விசாரணைத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டாயிரத்து எழுநூறு மணி நேரத்துக்கு விளக்கம் இப்போது அவளிடம் இருந்தது. கியாரண்டி காலத்திலேயே பழுது தொடங்கியது என்பதற்கு அத்தாட்சியும் இருந்தது. அத்தாட்சி நாத்தனாரின் போனில் இருந்தது. வேறு வழியில்லை. தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கணவனை அனுப்பிக் கேட்கச் சொன்னாள். அவன் வெறுங்கையோடு வந்தான்.

“நடுவுல ஆள் வேணாமாம். வேணும்னா நீயே வந்து, வாயைத் திறந்து கேக்கணுமாம்.”

செக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெருவையும் ஒரே மூச்சில் நடந்தாள். நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள், அவள் வருவாள் என்று தெரிந்தவள்போல.

“அண்ணி, நீங்க வந்து சொல்லணும்.”

“சரியா கேக்கலை.”

“அண்ணி, விசாரணைக்கு வந்து நடந்ததைச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

“வரேன். உனக்காகன்னு நினைச்சுக்காதே. என்னை அவன் ஹோட்டல்னு சொல்லியிருக்கான்.”

விசாரணை நாளில் மூவரும் ஒரே பஸ்ஸில், மூன்று வேறு வேறு சீட்டில் போனார்கள். அதிகாரி நாத்தனாரைப் பார்த்து, “நீங்க மனுதாரருக்கு என்ன உறவு?” என்று கேட்டார்.

“என் தம்பி பெண்டாட்டி. பேச்சுவார்த்தை கிடையாது.”

தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஒன்பதரைக்குச் சமையல் நிகழ்ச்சி, பத்தரைக்குத் தொடர், பிறகு பழைய படம், மூன்று மணிக்கு இன்னொரு தொடர், ஆறு மணிக்குள் அணைத்துவிட்டுக் கிளம்புவது. எந்த மாதம் மூலை கறுத்தது, எந்த மாதம் கறுப்பு ஒரு கை அகலம் ஆனது, எப்போது அது நடு வரைக்கும் ஏறியது. டாக்டர்கூட ஒரு நோயாளியைப் பற்றி அவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார். கடைசியில் போனை எடுத்து மெசேஜைக் காட்டினாள். தேதி இருந்தது. டிவியின் எண்ணும் இருந்தது. அதிகாரி அந்த எண்ணை ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“புகாரை ஏன் கேன்சல் பண்ணீங்க?”

“நான் அங்க இருக்கறது இவளுக்குத் தெரிஞ்சிடும் சார்.”

மேனேஜர் குறுக்கிட்டார். “கேன்சல் பண்ணினா புகாரே இல்லைன்னுதான் சார் அர்த்தம். அதோட, ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் ஓட்டினா எந்த டிவிதான் தாங்கும்? இப்பல்லாம் அஞ்சு வருஷம் வந்தாலே பெரிய விஷயம். சாதாரணமா நாலஞ்சு மணி நேரம் பாக்கறவங்களுக்குச் சொல்றேன். இவங்க அதுல ரெண்டு மடங்குக்கு மேல ஓட்டிட்டாங்க.”

“அப்ப நீங்களே சொல்லுங்க,” என்றார் அதிகாரி. “ஒரு டிவி நியாயமா எவ்வளவு காலம் உழைக்கணும்?”

மேனேஜர் பேனாவை உருட்டினார். “அதை அப்படிச் சொல்ல முடியாது சார். அது பயன்படுத்தறதைப் பொறுத்தது.”

“ஏன் சொல்ல முடியாது?” நாத்தனார் கேட்டாள். “விக்கும்போது வருஷத்துல சொல்றீங்க. பழுதுன்னு வந்து நின்னா மணியில சொல்றீங்க. எதுல விக்கறீங்களோ அதுலயே சொல்லுங்க. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் பாக்கணும், மீறினா எங்க பொறுப்பு இல்லைன்னு பெட்டி மேல போட்டிருக்கா? எங்க போட்டிருக்கு? காட்டுங்க.”

செக்கருக்குச் சுரீரென்றது. பஸ்ஸில் வரும்போது அவள் மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அது, ஏறக்குறைய இதே வார்த்தைகளில். அண்ணி முந்திக்கொண்டுவிட்டாள். பாராட்டவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. அவளும் எழுந்தாள்.

“சார், நாங்க ஒரு சட்டையை அம்பது தடவை துவைச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பறோம். வாங்கறவர் தினமும் துவைக்கறவரா, வாரம் ஒரு தடவை துவைக்கறவரான்னு நாங்க கேக்கறதில்லை. தினமும் துவைக்கறவரையும் நினைச்சுத்தான் தைக்கறோம். வீட்டுல வயசானவங்க இருப்பாங்க, நாள் பூரா டிவி ஓடும். அதுவும் வீடுதான் சார். ஹோட்டல் இல்லை.”

“யாரு வயசானவ?” என்றாள் நாத்தனார்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். வீட்டில் நாள் முழுவதும் ஓடும் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு டிவி ஐந்து வருடமாவது உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். பழுது கியாரண்டி காலத்திலேயே தொடங்கிப் பதிவும் ஆகியிருக்கிறது. ஆகவே முப்பது நாளுக்குள் அதே அளவில் வேறு டிவி தர வேண்டும். மேனேஜர் கையெழுத்துப் போட்ட அழுத்தத்தில் காகிதம் கிழிந்தது.

வெளியே வந்ததும் கணவன் மெல்லக் கேட்டான். “அப்ப அக்கா இனிமே...?”

“புதுப் பூட்டு போட்டாச்சு. சாவி ரெண்டே ரெண்டு. என்னுது ஒண்ணு, உங்களுது ஒண்ணு. உங்களுது யார் கைக்காவது போச்சுன்னா நீங்களும் வெளியிலதான்.”

“உன் வீட்டுல யாரு வந்து உக்காரப் போறா?” என்று நாத்தனார் முன்னால் நடந்தபடியே சொன்னாள். அவள் பாட்டுக்கு வேறு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

புது டிவி இருபத்தெட்டாவது நாள் வந்தது. அதற்கு அடுத்த வாரம், சாப்பாட்டு இடைவேளையில், செக்கருக்கு ஒரு போன் வந்தது. நாத்தனாரின் மருமகள். அதுவரை ஒரு முறைகூடப் போன் செய்ததில்லை.

“அத்தை, எப்படியாவது மறுபடி அவங்களை உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்களேன். என்னால முடியலை. ஹால்லயே உக்காந்திருக்காங்க. கஸ்டமர் கேக்கற கேள்விக்கெல்லாம் பக்கத்துல இருந்து அவங்களே பதில் சொல்றாங்க. நேத்து ஒருத்தர்கிட்ட, ‘அந்தக் கம்பெனிப் பொருளை வாங்காதப்பா’ன்னு சொல்லிட்டாங்க. என் வேலையே போயிடும்.”

“அதுக்கு நான் என்ன பண்ண? உன் மாமியார், உன் பாடு.”

“ரெண்டு வருஷமா நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு.”

“யாருக்கு நல்லா போயிட்டிருந்துச்சு? உனக்கும் அவங்களுக்கும். என் வீட்டுல!” செக்கர் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். “இதைக் கேளு. கம்ப்யூட்டரை பெட்ரூமுக்கு எடுத்துட்டுப் போ. டிவியை ஹாலுக்குக் கொண்டு வா.”

“பெட்ரூம்ல சிக்னல் வராது அத்தை.”

“வயரை இழு. வராத சிக்னலுக்காக ஒரு மனுஷியைத் தெருவுக்கு அனுப்புவியா? அவங்க வாய் பொல்லாத வாய்தான், எனக்குத் தெரியாததா? அதுக்காக அவங்க வீட்டுலயே அவங்களை ஊமையாக்கிடுவியா? இனிமே இதுக்கு எனக்குப் போன் பண்ணாதே.”

போனை வைத்தாள். யாருக்காகப் பேசினோம் என்று நினைத்தபோது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவன் துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனான். மதியம் சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு திரும்பினான். அவள் தட்டை வைத்தாள். அவனாகவே சொன்னான்.

“ஹால்ல மாட்டியாச்சு. அக்காவுக்கு அது பத்தலையாம். நம்ம டிவியைவிட ரெண்டு இஞ்ச் சின்னதாம்.”

“அதுக்கும் நான்தான் காரணமா?”

“அப்படித்தான் சொல்றா.”

“சொல்லட்டும். குழம்பு வேணுமா?”

“ம்.”

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டிவியை இருவருமே போடவில்லை.